குடல்வால் அறுவைச் சிகிச்சை: நுண்துளை முறையா, திறந்த முறையா?

"ஏனுங்க டாக்டர், கிழிக்காம லேசர்லயே பண்ணிட முடியாதுங்களா?"

குடல்வால் அழற்சி என்று நாங்கள் சொல்லி முடிப்பதற்குள், நோயாளியுடன் வந்திருக்கும் உறவினர்களில் ஒருவராவது இக்கேள்வியைக் கேட்டுவிடுகிறார். கேள்வி நியாயமானதே. பக்கத்து வீட்டுப் பெண் மூன்று சிறு தழும்புகளுடன் மறுநாளே வீடு திரும்பியதை அவர் பார்த்திருப்பார். தம் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு முன் வயிற்றில் நீண்ட வெட்டுடன் பல நாள்கள் படுத்திருந்ததும் அவர் நினைவில் இருக்கும். ஆயினும் விடை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அறுவை அரங்கிற்கு வெளியே, பதற்றமான சில நிமிடங்களில் இதை முழுமையாக விளக்க இயலாது என்பதால், இம்மடலில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு திருத்தம். நம் பகுதியில் 'லேசர் ஆபரேஷன்' என்று வழங்கப்படும் சிகிச்சையில் லேசர் கதிர் எதுவும் பயன்படுத்தப்படுவதில்லை. சிறு துளைகள் வழியாக ஒளிப்படக் கருவியையும் மெல்லிய நீண்ட கருவிகளையும் செலுத்திச் செய்யும் சிகிச்சை அது. மருத்துவர்கள் அதை லேப்பராஸ்கோபி என்பர்; தமிழில் நுண்துளை அறுவைச் சிகிச்சை எனலாம். இம்முறையிலும் தோல் வெட்டப்படுகிறது, வயிற்றுக்குள் அதே உறுப்புதான் அகற்றப்படுகிறது. வேறுபடுவது, உள்ளே செல்லும் வழி மட்டுமே.

குடல்வாலும் அதன் அழற்சியும்

வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியில், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், மண்புழுவைப் போலத் தொங்கும் ஒரு சிறு குழாயே குடல்வால். சுண்டுவிரலினும் மெல்லியது, பெரும்பாலோருக்கு 6 முதல் 10 செ.மீ. வரை நீளம் இருக்கும். அதன் ஒரு முனை பெருங்குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். இந்த அமைப்பே தொல்லைக்குக் காரணம். இறுகிய மலத்துணுக்கோ, குடல்வாலின் சுவரில் உள்ள நிணநீர்த் திசுவின் வீக்கமோ திறப்பை அடைத்துவிட்டால், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அழுத்தம் கூடுகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, கிருமிகள் பெருகுகின்றன. கவனிக்காமல் விட்டால் சுவர் அழுகி ஓட்டை விழுகிறது. அப்போது சீழும் மலக்கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மேலைநாட்டுக் கணக்குகளின்படி நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை இந்நோய் வருகிறது. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ளோரிடம் மிகுதி.

வலியின் போக்கில் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமான வலியாகத் தொடங்கும். பசி அற்றுப்போகும், குமட்டலோ ஓரிரு முறை வாந்தியோ இருக்கும். சில மணி நேரத்தில் வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கி, ஓரிடத்தில் நிலைத்துவிடும். இலேசான காய்ச்சல் தொடரும். இருமினாலும், நடந்தாலும், வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் வலி சுரீரென்று தெறிக்கும். குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் இந்த ஒழுங்கு மாறியும் தோன்றலாம். எனவே அவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

ஒரே வாரத்தில் வந்த இருவர்

ஒரு வாரத்தில் எங்களிடம் வந்த இரு நோயாளிகளைப் பற்றிச் சொன்னால் இனி வருவது எளிதில் விளங்கும்.

முதலாமவர் இராசிபுரம் பக்கத்திலிருந்து வந்த கல்லூரி மாணவி. காலையில் தொடங்கிய வலி மாலையில் வலப்பக்கம் இறங்கியதும், பெற்றோர் அன்றிரவே அழைத்து வந்துவிட்டனர். மறுநாள் காலை நுண்துளை முறையில் குடல்வாலை அகற்றினோம். அதற்கடுத்த நாள் வீடு திரும்பினார்.

இரண்டாமவர் நாமக்கல்லைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். நாற்பதை நெருங்கும் வயது. நாக்பூருக்குச் சரக்கு ஏற்றிச் சென்றபோது வழியில் வலி வந்திருக்கிறது. சூட்டு வலி என்று எண்ணி இளநீர் குடித்திருக்கிறார்; மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியபடியே வண்டியை ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் வலி திடீரென்று குறைந்ததாம். சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். உண்மையில், அழுத்தம் தாளாமல் குடல்வால் வெடித்ததால்தான் வலி சற்றே தணிந்தது. நான்காம் நாள் வீடு வந்து சேர்ந்தபோது கடும் காய்ச்சல். வயிறு பலகை போல் இறுகியிருந்தது.

அவருக்கும் நுண்துளை முறையிலேயே தொடங்கினோம். உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குடல்வாலின் அடிப்பகுதியே கண்ணுக்குப் புலப்படவில்லை. அரை மணி நேரம் முயன்ற பின், திறந்த முறைக்கு மாறி, சீழை அகற்றிக் கழுவி, குடல்வாலை எடுத்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் வெளியே வந்தபோது அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். "சின்ன ஓட்டை போட்டுத்தான் பண்ணுவோம்னு சொன்னீங்களே, உள்ள ஏதோ தப்பாயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

தவறு எதுவும் நேரவில்லை. எனினும் அவர் அவ்வாறு எண்ணியதற்கு நாங்களே பொறுப்பு. முறை இடையில் மாறக்கூடும் என்பது ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக இருந்தது. அதை வாய்விட்டு, அவருக்குப் புரியும் சொற்களில் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து, படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரையும் அதன் தொடர்ச்சியே.

திறந்த முறை: நூறாண்டு கடந்த வழி

குடல்வாலை அகற்றிய முதல் பதிவு 1735-ஆம் ஆண்டுக்குரியது. இலண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்னும் அறுவை மருத்துவர், பதினொரு வயதுச் சிறுவனின் குடலிறக்கத்தைச் சரிசெய்யும்போது அதனுள் சிக்கியிருந்த குடல்வாலையும் நீக்கினார். ஆனால் வலப்புற அடிவயிற்று வலிக்குப் பெரும்பாலும் குடல்வாலே காரணம் என்பதை அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886-இல் தெளிவாக நிறுவிய பிறகே முறையான சிகிச்சை பிறந்தது. நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி 1889-இல் வலி மிகுந்திருக்கும் புள்ளியைக் குறித்தார். 1894-இல் தசைகளை வெட்டாமல், இழைகளின் போக்கிலேயே விலக்கி உள்ளே செல்லும் வழியை விவரித்தார். இன்றும் நாங்கள் செய்யும் திறந்த முறை பெரும்பாலும் அதுவே.

இதில் வலப்புற அடிவயிற்றில் ஏறத்தாழ 5 முதல் 7 செ.மீ. அளவுக்கு ஒரு வெட்டு இடப்படும். தசைகளை விலக்கி, குடல்வாலை வெளியே எடுத்து, அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளத்தையும் அடிப்பகுதியையும் கட்டி அகற்றுவோம். முழு மயக்கத்திலும் செய்யலாம்; முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தும் செய்யலாம். விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தால் வெட்டைப் பெரிதாக்கவோ, வயிற்றின் நடுவில் வேறு வெட்டு இடவோ நேரும்.

நுண்துளை முறை: நாற்பது ஆண்டு வளர்ச்சி

ஜெர்மனியின் கீல் நகரில் மகளிர் நோய் மருத்துவராகப் பணியாற்றிய குர்ட் செம் 1980-இல் முதன்முறையாக நுண்துளை வழியாகக் குடல்வாலை அகற்றினார். அறுவை மருத்துவர்கள் பலர் அன்று அவரைக் கடுமையாகக் கண்டித்தனர். பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவர் டெம்டன் உத்வாடியா, நுண்துளை முறையில் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் இத்தகைய அறுவையின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மருத்துவர் சி. பழனிவேலு போன்றோர் தொண்ணூறுகளில் இதை வளர்த்துப் பலருக்கும் பயிற்றுவித்தனர். ஒரு காலத்தில் பெருநகரங்களில் மட்டுமே கிடைத்த இச்சிகிச்சை இன்று நம் பகுதியிலும் வழக்கமாகிவிட்டது.

இதற்கு முழு மயக்கம் பெரும்பாலும் தேவை. தொப்புளருகே 10 மி.மீ. அளவில் ஒரு துளையும், அடிவயிற்றில் 5 மி.மீ. அளவில் இரு துளைகளும் இடுவோம். வயிற்றறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்திக் கூடாரம் போல் உப்பச் செய்வோம். குடல்கள் விலகிப் பார்வைக்கு இடம் கிடைக்கும். கரியமில வாயு தீப்பற்றாது. எஞ்சியது இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும். ஆதலால் அதைத் தேர்கிறோம். தொப்புள் துளை வழியாகச் சென்ற கருவி உள்ளிருப்பதைப் பெரிதாக்கித் திரையில் காட்டும். அதைப் பார்த்தபடியே நாளத்தை அடைத்து, குடல்வாலின் அடியைச் சுருக்குநூலால் கட்டி வெட்டி, உறை ஒன்றில் இட்டு வெளியே எடுப்போம். உறையில் இடுவதால் அழற்சியுற்ற பகுதி துளையின் ஓரங்களைத் தொட்டுக் கிருமியைப் பரப்புவது குறையும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இரு முறைகளையும் ஒப்பிட்டு உலகெங்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றுள் 85 ஆய்வுகளை, மொத்தம் 9,765 நோயாளிகளின் விவரங்களுடன், காக்ரேன் அமைப்பு 2018-இல் தொகுத்து வெளியிட்டது. அதன் சாரம் இது:

வலி: நுண்துளை முறையில் முதல் நாள் வலி சற்றுக் குறைவு. வேறுபாடு உண்டு என்றாலும் மிகப் பெரிதன்று.

வெளிப்புண்ணில் சீழ்: பெரியவர்களிடம் நுண்துளை முறையில் இதற்கான வாய்ப்பு பாதிக்கும் கீழ். இதுவே அம்முறையின் மிகத் தெளிவான நன்மை.

மருத்துவமனையில் தங்குதல்: நுண்துளை முறையில் சராசரியாக ஒரு நாள் குறைவு.

வழக்கமான வாழ்வுக்குத் திரும்புதல்: பெரியவர்களிடம் சராசரியாக ஐந்து நாள்கள் முன்னதாக.

வயிற்றுக்குள் சீழ்க்கட்டி: இதில் திறந்த முறையே சற்று மேல். பெரியவர்களிடம், நுண்துளை சிகிச்சைக்குப் பின் உட்கட்டி தோன்றும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. குழந்தைகளிடம் இவ்வேறுபாடு தென்படவில்லை.

கடைசிச் செய்தியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். நாங்கள் சொல்லவே விரும்புகிறோம். வெளியே சிறு தழும்பு என்பதால் உள்ளேயும் எல்லாம் சிறிது என்று பொருளில்லை. வீடு திரும்பிய பின், ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ காய்ச்சல் வந்தால் 'சாதாரணக் காய்ச்சல்' என்று இருந்துவிடாமல் எங்களிடம் வர வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

யாருக்கு எது?

குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு நுண்துளை முறையைப் பெரிதும் விரும்புகிறோம். அவர்களின் வலப்புற அடிவயிற்று வலிக்குச் சினைப்பைக் கட்டி, சினைப்பை முறுக்கம், கருக்குழாயில் கரு தங்குதல் என வேறு காரணங்களும் இருக்கலாம். ஒளிப்படக் கருவி இவை அனைத்தையும் ஒரே பார்வையில் காட்டிவிடும். உடல் பருத்தவர்களுக்கும் இம்முறை ஏற்றது. தடித்த கொழுப்பினூடே வெட்டு இடும்போது புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு மிகுதி. நோயறிதலில் ஐயம் எஞ்சியிருந்தாலும் இம்முறையே உதவும்.

மெலிந்த உடல்வாகு கொண்ட இளைஞருக்கு, நோய் தொடங்கிய முதல் நாளிலேயே சிகிச்சை நடந்தால், இரு முறைகளுக்கும் இடையேயான வேறுபாடு சிறிதே. அனுபவமுள்ள கைகளில் சிறு வெட்டுடன் செய்யப்படும் திறந்த முறையும் நல்ல சிகிச்சையே.

இதயமோ நுரையீரலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவது கடினம். முன்பு பலமுறை வயிற்று அறுவை நடந்தோருக்குக் குடல்கள் ஒட்டியிருக்கக்கூடும். இத்தகையோருக்கு மயக்கவியல் மருத்துவருடன் கலந்து முடிவெடுப்போம். சிலருக்குத் திறந்த முறையே பாதுகாப்பானது.

கருவுற்ற பெண்களிடம் குடும்பத்தினர் தயங்குவது இயல்பு. ஆனால் குடல்வால் வெடித்தால் தாய்க்கும் சேய்க்கும் நேரும் ஆபத்து, அறுவையால் வரும் ஆபத்தைவிட மிகப் பெரிது. கருப்பையின் அளவையும் மாதத்தையும் பொறுத்து முறையைத் தேர்வோம். மகப்பேறு மருத்துவரும் உடனிருப்பார்.

வலி தொடங்கிப் பல நாள்கள் கடந்து, குடல்வாலைச் சுற்றிக் கட்டி போல் திரண்டுவிட்ட நிலையில், உடனே அறுவை செய்யாமல் முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் தணிப்பதும் உண்டு. 'ஆபரேஷன் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்களே' என்று அப்போது கலங்க வேண்டா.

மருந்து மட்டும் போதாதா?

சிக்கலற்ற அழற்சியை நுண்ணுயிர்க்கொல்லிகளாலேயே தணிக்கலாம் என்பது உண்மை. பின்லாந்தில் அவ்வாறு சிகிச்சை பெற்றோரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நூற்றில் ஏறத்தாழ 39 பேருக்கு நோய் திரும்பியது. அமெரிக்காவில் 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் நூற்றில் 29 பேருக்கு மூன்று மாதத்திற்குள்ளேயே அறுவை தேவைப்பட்டது. குடல்வாலில் மலக்கல் இருந்தால் வாய்ப்பு இன்னும் மோசம். மறுபடி வலி வந்தால் உடனே மருத்துவமனைக்கு வரக்கூடியவர் இவ்வழியைப் பற்றி எங்களிடம் கேட்கலாம். மாதத்தில் இருபது நாள் வடமாநில நெடுஞ்சாலைகளில் இருக்கும் லாரி ஓட்டுநருக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகச் செல்லும் திருச்செங்கோட்டுத் தொழிலாளிக்கும் இதை நாங்கள் எளிதில் பரிந்துரைப்பதில்லை.

இடையில் முறை மாறுவது தோல்வியன்று

நுண்துளை முறையில் தொடங்கி, உள்ளே நிலைமை பாதுகாப்பாக இல்லையெனில் திறந்த முறைக்கு மாறுவோம். ஒட்டிய குடல்கள், கட்டுப்படாத இரத்தக்கசிவு, அழுகிய அடிப்பகுதி ஆகியவை முக்கியக் காரணங்கள். மலைப்பாதையில் பனி மூடினால் வண்டியை நிறுத்தி வேறு வழி பார்க்கும் ஓட்டுநரை நாம் குறை சொல்வதில்லை. அறுவை அரங்கிலும் அப்படியே. பிடிவாதமாகத் தொடர்ந்து குடலைக் காயப்படுத்துவதே தவறு. எனவே கையெழுத்திடும் முன், "மாற வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நீங்களே எங்களைக் கேளுங்கள்.

செலவும் கூலியும்

நுண்துளை முறைக்குக் கருவிகள், முழு மயக்கம் ஆகியவற்றால் செலவு பெரும்பாலும் கூடுதல். ஆனால் மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு முழுமையாகாது. தறியிலோ, சேகோ ஆலையிலோ, கோழிப் பண்ணையிலோ நாட்கூலிக்கு வேலை செய்வோருக்கு ஐந்து நாள் முன்னதாக வேலைக்குத் திரும்புவதும் பணமே. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குறிப்பிட்ட சிகிச்சை எந்த மருத்துவமனையில் எந்த வகையில் அடங்கும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவு ஊழியரிடம் சேர்க்கையின்போதே கேட்டறிக. குடும்ப அட்டையும் ஆதாரும் கையில் இருந்தால் நேரம் மிச்சமாகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நம் பகுதியில் உள்ளன. பணம் திரட்டுவதற்காக வீட்டில் ஒரு நாள் காத்திருப்பதைவிட, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்வதே உயிருக்கு நல்லது.

வீட்டில் செய்யக்கூடாதவை

வயிற்று வலி என்றதும் விளக்கெண்ணெய் குடிக்க வைப்பதும், குடல் தட்டுவதற்கு அழைத்துச் செல்வதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கின்றன. அழற்சியுற்ற குடல்வால் உள்ளபோது பேதி மருந்தும் வயிற்றை அழுத்தித் தேய்ப்பதும் அது வெடிப்பதை விரைவுபடுத்தலாம். ஆறு மணி நேரத்திற்கு மேல் வலி நீடித்தாலோ, வலப்புற அடிவயிற்றில் நிலைத்தாலோ, வலி மாத்திரையால் நாள் கடத்தாதீர்கள். மருத்துவமனைக்கு வரும் வழியில் உணவோ காப்பியோ கொடுக்க வேண்டா. மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.

வலி தொடங்கி ஒன்றரை நாளைக் கடந்தால் வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் கழியும் நேரம் ஆபத்தானது. மாறாக, மருத்துவமனையில் சேர்ந்து, மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நிலையில், சிக்கலற்ற அழற்சிக்கான அறுவையை இரவில் செய்யாமல் காலையில் செய்வது பாதுகாப்பானதே. அப்படி நாங்கள் காத்திருக்கச் சொன்னால் அது அலட்சியத்தால் அன்று.

சிகிச்சைக்குப் பின்

நுண்துளை சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் தோள்பட்டையில் வலி இருக்கலாம். வயிற்றுக்குள் எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, தானே மறையும். நெஞ்சுவலியோ என்று அஞ்ச வேண்டா. ஆயினும் மூச்சுத் திணறல் சேர்ந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

இரு முறைகளிலும் முதல் நாளே எழுந்து நடக்க வேண்டும். படுத்தே இருப்பதால் புண் விரைவில் ஆறுவதில்லை. கால் நாளங்களில் இரத்தம் உறையவும், சளி கட்டவும் அது வழிவகுக்கும்.

உணவில் கடும் பத்தியம் தேவையில்லை. சிக்கலற்ற நோயெனில் முதலில் நீர், பின் இட்லி, இரசம் சாதம் என்று தொடங்கி, ஓரிரு நாளில் வழக்கமான உணவுக்கு வரலாம். முட்டை தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்று, ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் நாமக்கல்லிலேயே நோயாளிக்கு முட்டையை மறுக்கின்றனர். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை உண்பவர் தாராளமாக உண்ணலாம். உண்ணாதவர் பருப்பு, பயறு, பால் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

நுண்துளை சிகிச்சை பெற்றவர் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் இலேசான வேலைக்குத் திரும்பலாம். திறந்த முறையில் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். மூட்டை தூக்குதல், தண்ணீர்க்குடம் சுமத்தல் போன்றவற்றைத் திறந்த முறைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் தவிர்க்க வேண்டும். இல்லையேல் தழும்பின் வழியே குடலிறக்கம் வரக்கூடும். வண்டி ஓட்டுவோர், தயக்கமோ வலியோ இன்றித் திடீரென்று பிரேக்கை முழுதாக அழுத்த முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

பின்வருவனவற்றுள் எது நேர்ந்தாலும் மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் வாருங்கள்: காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வயிறு உப்புசத்துடன் வாந்தி, புண் சிவந்து வீங்கிச் சீழ் வடிதல், அடிக்கடி சளியுடன் மலம் போதல்.

அகற்றிய குடல்வாலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அரிதாக அதில் கட்டி இருப்பது தெரியவரும். அந்த அறிக்கையை வாங்கி, மறக்காமல் மறுபரிசோதனைக்கு எடுத்து வாருங்கள். குடல்வால் இன்றி வாழ்வதால் செரிமானத்திற்கோ, குழந்தைப் பேற்றுக்கோ, உடல் வலிமைக்கோ குறைவு வராது.

நிறைவாக

அந்த லாரி ஓட்டுநர் இரண்டு மாதம் கழித்து வண்டி எடுத்தார். சில மாதங்களுக்குப் பின் ஒரு நாள் நள்ளிரவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த தம் கிளீனர் பையனுடன் அவசரப் பிரிவுக்கு வந்தார். வலி தொடங்கி எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஏற்றிய சரக்கை அப்படியே நிறுத்திவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்தப் பையனுக்கு மூன்று சிறு தழும்புகளே மிஞ்சின.

எந்த முறை என்பதை நோயாளியும் நாங்களும் சேர்ந்து முடிவு செய்யலாம். அதற்கு வேண்டிய நேரத்தை எங்களுக்குத் தருவது உங்கள் கையில் இருக்கிறது. வலப்புற அடிவயிற்றில் வலி நிலைத்தால், நடு இரவானாலும் வாருங்கள். வண்டி இல்லையெனில் 108-ஐ அழையுங்கள்.